அவள் வாயால் சொல்லாத பெயர்

கீர்த்தனா சென்னையிலிருந்து படிக்க வந்த பெண். மொன்றியலின் மேற்கு ஓரத்தில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் மண்ணைப் பற்றிப் படித்து முடித்துவிட்டு, நிரந்தர வேலை கிடைக்கும்வரை அகதி விசாரணைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போகிறாள். போகிறாள் என்று சொல்வதும் சரியில்லை. தன் அறையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள். இப்போது அந்த வேலை அப்படித்தான் நடக்கிறது.

சென்ற மாதம் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, நீங்கல்லாம் பனியில பஸ் புடிச்சு, ட்ரெயின் மாறி ஆபீஸுக்குப் போயிருக்கீங்க. நான் போர்வையைப் போத்திக்கிட்டு உட்கார்ந்து பண்றேன். ஹெட்போன்ல குரல் இன்னும் தெளிவாவே கேக்குது. உண்மையைச் சொல்லுங்க, நேர்ல போனதுல அப்படி என்ன இருந்துச்சு?"

தேநீர் கொண்டுவந்து வைத்த என் கணவர், "நல்ல கேள்வி. எனக்கும் தெரிய வேணும். இவ்வளவு காலமும் ஸ்டேஷனுக்குக் கார் ஓடினது நான்தானே," என்றார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் போன பிறகு கோப்பைகளைக் கழுவும்போதுதான் எனக்குப் பதில் வந்தது. கைபேசியில் எழுதி அனுப்பக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகதி விசாரணைகள் மூடிய கதவுக்குள் நடப்பவை. வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வைத்தவள் நான். ஆகவே ஆட்களுக்குப் பெயர் இல்லை. நாட்டுக்கும் பெயர் இல்லை. மத்திய ஆசியாவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய குடியரசு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அடையாளம் காட்டிக்கொடுக்கக்கூடிய சங்கதிகளை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரி. சோவியத் புலமைப்பரிசில் கிடைத்துத் தாஷ்கந்துக்குப் போய், வாய்க்காலில் தண்ணீர் எப்படி ஓட வேண்டும் என்பதை ரஷ்ய மொழியில் படித்தேன். பட்டத்தோடு திரும்பினால் ஊரில் சண்டை. வாய்க்கால் வெட்ட ஒருவரும் கூப்பிடவில்லை. கலியாணம், கொழும்பு, பிறகு மொன்றியல். இங்கே என் பட்டத்தைப் பார்த்த அதிகாரி அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்குப் பொக்கற் தைத்தேன். மாலையில் பிரெஞ்சு வகுப்பு. அதற்குள் சோவியத் யூனியன் உடைந்தது. என் பட்டத்தில் முத்திரை குத்திய நாடே இல்லாமல் போனது. ஆனால் அங்கிருந்து ஆட்கள் அடைக்கலம் தேடி வரத் தொடங்கினார்கள். பட்டம் செத்தது, மொழி சோறு போட்டது.

ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் என்றதும் காத்திருப்பவர்கள் ஒரு வெள்ளைக்காரியைத் தேடுவார்கள். நான் போய் முன்னால் நின்று வணக்கம் சொன்னாலும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். வாயைத் திறந்து இரண்டு வசனம் பேசிய பிறகுதான் முகம் மாறும். அந்த முகமாற்றத்தைப் பார்ப்பதில் எனக்குக் கடைசிவரை ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது.

எங்களுக்கு மேலாளராக இருந்தவரை மதாம் தெரேஸ் என்று வைத்துக்கொள்வோம். மெலிந்த, உயரமான பெண்மணி. குளிர்காலத்திலும் ஜன்னலைச் சிறிது திறந்து வைத்திருப்பார். யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. நடுவரிடமும் அகதியிடமும் முன்கூட்டியே சம்மதம் கேட்டுக்கொண்டு, சில நாட்களில் விசாரணை அறையின் பின்வரிசையில் வந்து உட்காருவார். கண்களை மூடிக்கொள்வார். கையில் ஒரு பென்சில் இருக்கும். நாங்கள் பிழைவிட்டால் பென்சில் எழும்பும். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பென்சிலுக்கு நான் பயந்தளவு என் மாமியாருக்குக்கூடப் பயந்ததில்லை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மனிதர் தன்னைப் பொலிஸ் அடித்ததைச் சொன்னார். நான், "பொலிஸ் தன்னை அடித்ததாக அவர் சொல்கிறார்," என்று பிரெஞ்சில் சொன்னேன். பென்சில் எழும்பியது. இடைவேளையில் மதாம் என்னை ஓரமாக அழைத்தார்.

"அவர் என்ன சொன்னார்?"

"பொலிஸ் தன்னை அடித்ததாக..."

"இல்லை. 'என்னை அடித்தார்கள்' என்று சொன்னார். நீ 'அடித்ததாகச் சொல்கிறார்' என்றால், நம்பலாமோ என்னவோ என்று நடுவரிடம் கண்ணடிக்கிறாய். நம்புவது அவருடைய வேலை. உன்னுடைய வேலை, 'என்னை அடித்தார்கள்' என்று சொல்வது."

அன்றிலிருந்து நான் எல்லாருக்கும் 'நான்' ஆனேன். ஒரு வாரத்துக்குள் சிகரெட் கடத்துபவனாகவும், கணவனிடமிருந்து ஓடிவந்தவளாகவும், துப்பாக்கியைப் போட்டுவிட்டு வந்த படைவீரனாகவும் இருந்திருக்கிறேன். மீதி விதிகளும் கடுமையானவை. சொன்னதைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அழகுபடுத்தக் கூடாது. விளக்கம் சொல்லக் கூடாது. விசாரணைக்கு முன்னும் பின்னும் அந்த ஆளோடு கதைக்கக் கூடாது. தொடங்குமுன் ஒருவருக்கொருவர் விளங்குகிறதா என்று பார்க்க இரண்டு வார்த்தை பேசலாம், அதுவும் எல்லார் முன்னிலையிலும். எந்த வழியாக வந்தீர்கள், வெளியே குளிரா, இந்த அளவில்.

நான் சொல்ல வந்த வழக்கும் அப்படித்தான் தொடங்கியது. விண்ணப்பதாரர் ஒரு பெண், முப்பது வயதுக்கு மேலிருக்கும். சாம்பல் நிறச் சட்டை, கழுத்தில் ஒரு சால்வை. எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டேன். அவள் பேசிய ரஷ்யம் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகவே விழுந்தது. அப்படியே எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"லவாலிலயிருந்து மெட்ரோவில. ஒரே ரெயின், மாறத் தேவையில்லை. மகளை garderie-யில, பிள்ளையளைப் பாக்கிற இடத்தில, விட்டுட்டு வந்தனான். நீங்கள் கதைக்கிறது எனக்கு வடிவா விளங்குது. எங்கட பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிக் கதைக்கிறியள்."

அவ்வளவுதான் நாங்கள் இருவரும் எங்களுக்காகப் பேசிக்கொண்டது. அதன் பிறகு நான் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்த நிமிடத்திலிருந்து அவள்தான் நான்.

தீர்ப்புச் சொல்லும் நடுவர் ஒரே ஒருவர்தான். நரைத்த மீசைக்காரர். முன்பும் அவருடைய அறையில் பல தடவை வேலை செய்திருக்கிறேன். யாரையும் அவசரப்படுத்த மாட்டார், யாருக்கும் எளிதில் மசியவும் மாட்டார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒலிப்பதிவு இயந்திரம் குரலை மட்டும்தான் பிடிக்கும் என்பதால், கண்ணில் படுவதையெல்லாம் அதற்கு வாயால் சொல்லிவைப்பார். "பதிவுக்காக: விண்ணப்பதாரர் தலையசைக்கிறார்." "பதிவுக்காக: விண்ணப்பதாரர் இடது கையைக் காட்டுகிறார்." நாங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் உணவறையில் அதைச் சொல்லிச் சிரிப்போம். பதிவுக்காக: மொழிபெயர்ப்பாளர் இரண்டாவது டோனட் எடுக்கிறார்.

அவள் கதை இதுதான். அவளுடைய நாட்டில் ஜனாதிபதியும் அவர் பிள்ளைகளும் நாட்டைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள். மின்சாரக் கட்டணம் ஏறியது, சனம் கொதித்தது. ஒரு நாள் தலைநகரத்தில் ஜனாதிபதி மாளிகைக் கதவுக்கு முன்னால் பெரிய கூட்டம் திரண்டது. உள்ளேயிருந்து சுட்டார்கள். முன்பக்கம் சூடு நடந்துகொண்டிருக்க, பின்பக்கத்தால் ஜனாதிபதி ஹெலிகொப்டரில் ஏறிப் போய்விட்டார். பிறகு வேறு நாட்டில் அடைக்கலம். மாளிகைக் காவற்படைக்குத் தலைவராக இருந்தவர் அவளுடைய மாமனார். சுட உத்தரவு கொடுத்தவர் அவர். கதவுக்கு வெளியே செத்துக் கிடந்தவர்களில் ஒருவன் அவளுடைய கணவன். பள்ளிக்கூட ஆசிரியன். தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு போய் நின்றவன்.

"அந்த உத்தரவைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நடுவர் கேட்டார்.

"நான் பக்கத்தில நிண்டனான். பெரியவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை வந்தவர். நான் தேத்தண்ணி வார்த்துக்கொண்டு நிண்டனான். போன் அடிச்சுது. எடுத்துக் கேட்டவர். பேந்து, 'மேல சுட வேண்டாம், முன்னுக்கு நிக்கிறவையைச் சுடுங்கோ' எண்டு சொன்னவர். சொல்லிப்போட்டுக் கோப்பையை என்னட்ட நீட்டினவர். நான் வார்த்தனான்."

"உங்கள் கணவர் அந்தக் கூட்டத்தில் இருப்பது அவருக்குத் தெரியுமா?"

"தெரியேல்லை. தெரிஞ்சு சொன்னவரோ, தெரியாமச் சொன்னவரோ எண்டு எனக்குத் தெரியேல்லை. அதுதான் என்னைத் தின்னுது."

நான் அதை 'என்னைத் தின்கிறது' என்று பிரெஞ்சில் சொன்னேன். போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

புதிய அரசாங்கம் செத்தவர்களைத் தியாகிகள் என்று அறிவித்துச் சதுக்கத்தில் கூட்டம் வைத்தது. மாமனார் அதற்குள் தலைமறைவு. அவளை மேடையில் ஏற்றி ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள். தியாகியின் மனைவி, உத்தரவைக் காதால் கேட்டவள். யார் உத்தரவு கொடுத்தது, பெயரைச் சொல் என்றார்கள். சனம் முழுவதும் காத்து நின்றது. அவள் "பெரியவர்" என்று மட்டும் சொன்னாள். எந்தப் பெரியவர் என்று கத்தினார்கள். அவள் நின்றாள். கத்தல் கல்லெறியாக மாறியது. கொலைகாரனுக்குக் காவல் நிற்கிறாள், பழைய ஆட்சியின் ஆள் என்று ஆனது. வீட்டுக்குத் தீ வைத்தார்கள். உடந்தை என்று வழக்குப் போட்டார்கள். மறுபக்கத்தில், மாமனாரின் ஆட்கள் இவள் எப்போதாவது பெயரைச் சொல்லிவிடுவாள் என்று தேடினார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். "விண்ணப்பத்தில் உங்கள் மாமனாரின் பெயர் எழுத்தில் இருக்கிறது. சத்தியத்தின் கீழ் நீங்கள் அதை உறுதிப்படுத்த வேண்டும். உத்தரவு கொடுத்தவரின் பெயர் என்ன?"

"வீட்டுப் பெரியவர்."

"பெயர்."

"என்ர மகளின்ர அப்பப்பா."

"மதாம், நான் பெயரைக் கேட்கிறேன்."

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளம் வழக்கறிஞர் குறுக்கிட்டு, மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லாதது அந்த நாட்டு வழக்கம் என்று எழுத்தில் கொடுத்திருப்பதை நினைவூட்டினார்.

"வாசித்தேன்," என்றார் நடுவர். பிறகு அவளிடம் நேராகப் பேசினார். குரலில் கோபம் இல்லை. "மலைக் கிராமத்தில் ஒரு வயதான பெண் அப்படிச் செய்தால் நான் கேள்வி கேட்க மாட்டேன். நீங்கள் தலைநகரத்தில் வாழ்ந்தவர். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து, அதைப் பாடசாலையில் கற்பித்தவர். இந்த மனிதர் உங்கள் கணவரைக் கொன்றார் என்கிறீர்கள். ஒரு பெயரைச் சொல்லாததற்காக வீட்டையும் நாட்டையும் இழந்தேன் என்கிறீர்கள். இது நிஜம் என்று நான் நம்ப வேண்டும். அல்லது, நீங்கள் உண்மையாகவே அவரைப் பாதுகாக்கிறீர்கள், அவருடைய ஆள்தான் நீங்கள் என்று நினைக்க வேண்டும். இரண்டாவது உண்மையானால் உங்களுக்கு இங்கே இடம் கொடுக்க முடியாது. பத்து நிமிடம் இடைவேளை. யோசித்துவிட்டு வாருங்கள்."

நடைபாதையில் தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். வழக்கறிஞர் என்னிடம் வந்தார். பாவம், அவருக்கு இது புதிது, முகம் வெளிறியிருந்தது. "மதாம், நீங்கள் அந்தப் பக்கத்தில் படித்தவர் என்று சொன்னார்கள். இப்படி ஒரு வழக்கம் உண்டுதானே? படித்த பெண்களிடமும்?"

"நான் மொழிபெயர்ப்பாளர் மட்டும்," என்றேன்.

"தெரியும். ஆனால்..."

"மன்னிக்க வேண்டும்." அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விளக்கம் சொல்லக் கூடாது என்ற அந்த விதியின் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு சுடுகிறது. தாஷ்கந்தில் என் அறைத்தோழி ஒருத்தி, அவளும் அதே மலைப்பக்கத்துக்காரி, கோடை விடுமுறைக்குப் போய்க் கலியாணம் முடித்துக்கொண்டு வந்தாள். வந்த பிறகு மாமனாரின் பெயரைச் சொல்லவே இல்லை, அதே பெயருள்ள எங்கள் வகுப்புப் பையனையும் 'அந்த நெட்டையன்' என்றுதான் கூப்பிட்டாள். மின்பொறியியல் படித்தவள். அதை நான் சொல்லியிருக்கலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்தக் கட்டுரையில் என் கணவருக்கு ஒரு பெயர் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் அம்மா ஒருநாளும் அப்பாவின் பெயரைச் சொன்னதே இல்லை. கிராம அலுவலரான விதானையார் பதிவுக்கு வந்தால், அம்மா பிள்ளைகள் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பார். நான் சோவியத்தில் படித்தவள், சமத்துவம் பேசியவள், அம்மாவைக் கேலி செய்தவள். கலியாணம் முடிந்த மறுநாளே எனக்கும் வாய் கட்டிப்போனது. 'இஞ்சாருங்கோ', 'என்னப்பா' என்பதில் காலம் ஓடிவிட்டது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பேன். இங்கே வைத்தியசாலையில் கணவரின் பெயரைக் கேட்டபோது, அவருடைய சுகாதார அட்டையை எடுத்து நீட்டினேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை, சொன்னால் அடிக்கப் போவதுமில்லை. ஆனாலும் வராது. அவள் சொல்வது நிஜமா என்று நடுவர் தேடிக்கொண்டிருந்தார். அதற்குச் சாட்சி அவருக்குக் கை எட்டும் தூரத்தில், தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருந்தது. அந்தச் சாட்சிக்கு வாய் திறக்க அனுமதியில்லை.

அன்று மதாம் தெரேஸும் பின்வரிசையில் இருந்தார். நான் உள்ளே திரும்பியபோது ஒரு கணம் என்னைப் பார்த்தார். எதையோ கண்டுபிடித்தவர் போலிருந்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டார்.

நடுவர் கேள்வியைத் திரும்பக் கேட்டார். வழக்கறிஞர் அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் நிமிர்ந்தாள். சொல்லத்தான் முயன்றாள், அது எனக்குத் தெரியும். உதடு திறந்தது. மூச்சு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் முயன்றாள். அதே கதைதான். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அதைத் துடைக்கவும் இல்லை.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். விண்ணப்பதாரர்கள் என்னைப் பார்த்துப் பேசக் கூடாது, நடுவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அவள் என்னையே பார்த்துச் சொன்னாள்:

"நான் கதைக்கேக்க இந்த அம்மா 'நான்', 'நான்' எண்டுதானே சொல்லுறா. காலையில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன். நான் எழுதித் தாறன். அவ சொல்லட்டும். அவவுக்கு அவர் மாமா இல்லைத்தானே."

சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் நடுவரிடம் சொல்ல வேண்டியவள் நான்தான். "இந்த அம்மா சொல்லட்டும், இவருக்கு அந்த மனிதர் மாமனார் இல்லை," என்று என்னைப் பற்றியே, நானில்லாத ஆளாக நின்று சொன்னேன். பின்னால் பென்சில் எழும்புமோ என்று முதுகு கூசியது.

நடுவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவள் வாயிலிருந்து வராததை நான் சொல்ல முடியாது, அது அவருக்கும் தெரியும். ஆனால் எழுத்தில் இருக்கும் ஒன்றை அந்த இடத்திலேயே வாசித்து மொழிபெயர்ப்பது எங்கள் வேலையில் உண்டு. பிறப்புப் பத்திரம், பொலிஸ் அழைப்பாணை, எத்தனையோ அப்படி வாசித்திருக்கிறேன். அவர் வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் வேகமாகத் தலையாட்டினார்.

"சரி," என்றார் நடுவர். "அவர் எழுதட்டும். மொழிபெயர்ப்பாளர் முதலில் ரஷ்ய மொழியில் உரக்க வாசிப்பார். பிறகு பிரெஞ்சில். அது சரியா என்று விண்ணப்பதாரர் சொல்ல வேண்டும்."

ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். அவள் குனிந்து எழுதினாள். எழுத்து தடையில்லாமல் ஓடியது. நல்ல ஆசிரியைக் கையெழுத்து. தாளை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் தந்தாள்.

நான் வாசித்தேன். "ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் நின்றவர்களைச் சுடும்படி உத்தரவு கொடுத்தவர் என் கணவரின் தகப்பனார்." அதன் பிறகு அந்தப் பெயர் இருந்தது. தகப்பன் பெயரும் குடும்பப் பெயரும் சேர்ந்த, ரஷ்ய முறைப்படி முழுசான பெயர். ஒலிவாங்கிக்குக் கேட்கும்படி தெளிவாகச் சொன்னேன்.

பெயர் என் வாயை விட்டுப் போனதும் அவள் எழுந்தாள்.

நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்தாள். கழுத்தில் கிடந்த சால்வையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டாள். கை இரண்டையும் முன்னால் கோர்த்துக்கொண்டு, தலையைக் குனிந்து, நாற்காலியை விட்டு ஓரமாக ஓரடி விலகினாள். உள்ளே வருபவர் உட்கார இடம் விடுவதுபோல. அப்படியே நின்றாள்.

வழக்கறிஞர் அவள் கையைப் பிடித்து உட்கார வைக்கப் போனார். நடுவர் வேண்டாம் என்று கைகாட்டினார். அவள் முகத்தையும், தாளை வைத்திருந்த என்னையும், திரும்ப அவளையும் பார்த்தார். பிறகு இயந்திரத்தின் பக்கம் குனிந்தார். எப்போதும் கடகடவென்று சொல்லுபவருக்கு அன்று வார்த்தை மெதுவாக வந்தது.

"பதிவுக்காக: பெயர் வாசிக்கப்பட்டதும் விண்ணப்பதாரர் எழுந்து நிற்கிறார். தலையை மூடியிருக்கிறார். தன் இருக்கையை விட்டு விலகியிருக்கிறார்." கொஞ்சம் பொறுத்து அவளிடம் கேட்டார். "மதாம், ஏன் எழுந்தீர்கள்?"

நான் அதை அவளுக்குச் சொன்னேன். அவள் திடுக்கிட்டுக் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"நான் எழும்பினனானோ?"

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுகை சத்தமாக வந்தது.

"அந்த மனுசனை நான் திட்டாத நாளில்லை. என்ர பிள்ளைக்குத் தகப்பனை இல்லாமப் பண்ணினவர். நரகத்துக்குப் போகட்டும் எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறன். ஆனா பேரைக் கேட்டாக் கால் தானா எழும்புது. நான் என்ன செய்ய?"

இதையும் நான் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். "நான் என்ன செய்ய?" என்று பிரெஞ்சில் நடுவரைப் பார்த்துக் கேட்டேன். என் வேலைக்காலம் முழுவதிலும் அந்த ஒரு கேள்வியைத்தான் எனக்காகவும் சேர்த்துக் கேட்டேன்.

நடுவர் வேறு கேள்வி கேட்கவில்லை. சிறிது நேரம் வெளியே போய்விட்டு வந்து, அங்கேயே தீர்ப்பைச் சொன்னார். வாய்மொழித் தீர்ப்பு என்றால் அதையும் நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். இப்போது நடுவர்தான் நான். சட்டப்பிரிவுகள், நாட்டு நிலவரம் எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில், "மதாம், நான் உங்களை நம்புகிறேன். நீங்களும் உங்கள் மகளும் இங்கே இருக்கலாம்," என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. நடுவரின் குரல் உடையவில்லை, ஆகவே என் குரலும் உடையக் கூடாது. அதுதான் விதி. நிறுத்தி, மூச்செடுத்து, அந்த வசனத்தை முதலிலிருந்து திரும்பவும் சொன்னேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். மதாம் தெரேஸின் கண்கள் திறந்திருந்தன. பென்சில் மடியில் கிடந்தது.

அந்தப் பெண்ணோடு நடைபாதையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மின்தூக்கிக்குள் போகுமுன் திரும்பி, கையை நெஞ்சில் வைத்துத் தலைகுனிந்தாள். நானும் குனிந்தேன். garderie மூடுமுன் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. அதன் பிறகு அவளைக் கண்டதில்லை.

ரயிலால் இறங்கியபோது என் கணவர் வழக்கம்போல் காரில் ஹீட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"ஏனப்பா முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? என்ன நடந்தது?"

"சொல்லேலாது."

"ஓம், தெரியும்," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். பாதி வழியில் அவருடைய பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வாய்வரை வந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது, "இஞ்சாருங்கோ, பால் முடிஞ்சுது, dépanneur கடையில நிப்பாட்டுங்கோ," என்றேன்.

கீர்த்தனா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். இப்போது நீங்கள் பயன்படுத்தும் திரையை நானும் பார்த்திருக்கிறேன். நெற்றியிலிருந்து நெஞ்சுவரை ஒரு சின்னப் பெட்டிக்குள் தெரியும். குரல் தெளிவுதான், நான் மறுக்கவில்லை. அந்தப் பெயரை நான் அன்று உன்னைப்போல வீட்டிலிருந்து வாசித்திருந்தால், ஒலிவாங்கி அதைச் சுத்தமாகப் பிடித்திருக்கும். அவள் எழுந்திருப்பாள். பெட்டிக்குள் ஒரு வெறும் நாற்காலியின் முதுகு தெரிந்திருக்கும். இணைப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து, அந்த நல்ல மனிதர் இயந்திரத்தின் பக்கம் குனிந்து சொல்லியிருப்பார். நானும் கூட்டாமல் குறைக்காமல் அதை மொழிபெயர்த்திருப்பேன்: "மதாம், உங்களைக் காணவில்லை."